வங்கதேச சினிமாவில் பள்ளிக்கூடம் போகும் பெண் எங்கே?

கடைசிபெஞ்ச் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சில மாதங்களாக வங்கதேசப் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. டாக்காவில் வேலை பார்த்தவர்களும் அந்த நாட்டுப் படங்களை நன்றாக அறிந்தவர்களும் இங்கே இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கே சினிமாவில் பள்ளிக்கூடம் என்றால் அது பையன்களின் இடம். 1980-இல் வந்த அஸீசுர் ரஹ்மானின் ‘சுட்டிர் கொண்டா’வில், நீண்ட விடுமுறைக்குப் பள்ளி மூடும் நேரத்தில் ஒரு சிறுவன் கழிப்பறைக்குள் மாட்டிக்கொள்கிறான். சுவரில் எழுதி வைத்துவிட்டு அங்கேயே உயிரை விடுகிறான். மணியடிக்கும் ஊழியராக ரஸாக் நடித்தார். ஒரு தலைமுறையே அழுது தீர்த்த படம். 1996-இல் மோர்ஷெதுல் இஸ்லாமின் ‘தீபு நம்பர் டூ’, முகமது ஜாஃபர் இக்பாலின் நாவலை வைத்து எடுத்தது. அப்பாவுக்கு மாற்றல் ஆகும்போதெல்லாம் பள்ளி மாறும் தீபு, முதலில் அவனோடு மோதி அப்புறம் உயிர் நண்பனாகும் தாரிக். 2011-இல் அதே இயக்குநர், அதே எழுத்தாளர், ‘ஆமார் பொந்து ராஷேத்’. 1971 வங்கதேச விடுதலைப் போருக்குள் இழுக்கப்படும் பள்ளிப் பையன்களின் கதை. இடையில் 2002-இல் தாரேக் மசூதின் ‘மாட்டிர் மொய்னா’, மதரஸாவுக்கு அனுப்பப்படும் அனுவின் கதை.

எல்லாமே மனதில் நிற்கும் படங்கள். ஆனால் இந்தப் பையன்களின் அக்கா தங்கைகள் எங்கே படித்தார்கள்?

‘மாட்டிர் மொய்னா’வில் அனுவுக்கு ஆஸ்மா என்று ஒரு தங்கை இருக்கிறாள். மதரஸா கடுமையான இடம்தான். ஆனாலும் அங்கே அனுவுக்கு எழுத்து கிடைக்கிறது, ரொக்கோன் என்ற நண்பன் கிடைக்கிறான். ஆஸ்மாவுக்கு இருப்பது வீடும் முற்றமும்தான். அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. ஹோமியோபதி தவிர வேறு மருந்தை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அப்பா காஜி பிடிவாதமாக நிற்கிறார். அவள் இறந்துபோகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. மசூத் அந்தச் சாவை எவ்வளவு கவனத்தோடு எடுத்திருக்கிறார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். என் வருத்தம் வேறு. அந்த நாட்டின் மிகச் சிறந்த பள்ளிக்கால சினிமாவில் பெண் குழந்தைக்குக் கிடைத்த பங்கு, வீட்டில் இருந்து சாவது.

இப்போது நிஜத்துக்கு வாருங்கள். 1994-இல் வங்கதேச அரசு நாட்டின் 460 கிராமப்புற உபசிலாக்களிலும் (நம் தாலுகா மாதிரி) ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவிகளுக்கு உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. கல்விக் கட்டணம் கிடையாது. பணம் பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்கில் விழுந்தது. அன்று மூன்று நிபந்தனைகள்: 75 சதவீத வருகை, தேர்வில் 45 சதவீத மதிப்பெண், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும்வரை கல்யாணம் ஆகாமல் இருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளில் மாணவிகளின் எண்ணிக்கை மாணவர்களைத் தாண்டியது. பாகிஸ்தானும் நம் நாடும் கூட எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்ட மாற்றம் இது. லட்சக்கணக்கான பெண்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போனார்கள். அதே காலத்து சினிமா இதை ஏன் எடுக்கவில்லை?

---

வெள்ளித்திரை78 எழுதியது:

தம்பி, நல்ல இழை. ஆனால் ஒரு பெரிய பெயரை விட்டுவிட்டீர்கள். மீனா!

யுனிசெஃப் தயாரித்த கார்ட்டூன். 1991 முதல் 2000 வரை பெண் குழந்தைகளின் பத்தாண்டு என்று சார்க் நாடுகள் அறிவித்தன. அந்த வேகத்தில் பிறந்தவள் மீனா. நம் நாட்டு அனிமேஷன் கலைஞர் ராம் மோகன் வரைந்த உருவம், வங்கதேசத்தில் முஸ்தபா மன்வர் போன்ற கலைஞர்களின் பங்கு, பல நாட்டு ஆட்களின் உழைப்பு. வங்கதேசத் தொலைக்காட்சியில் 90-களில் அவளைப் பார்க்காத குழந்தை இல்லை என்றே சொல்லலாம்.

முதல் கதையே பள்ளிக்கூடம்தான். தம்பி ராஜு பள்ளிக்குப் போகிறான். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்கிறார் அப்பா. மீனா தன் கிளி மிட்டுவை வகுப்புக்கு அனுப்புகிறாள். கிளி ஜன்னலில் உட்கார்ந்து கேட்டதை வந்து ஒப்பிக்கிறது. அதை வைத்து எண்ணக் கற்றுக்கொண்டவள் வீட்டுக் கோழிகளை எண்ணுகிறாள். ஒன்று குறைகிறது. திருடன் மாட்டுகிறான். அப்புறம்தான் அப்பாவுக்கு உறைக்கிறது.

சினிமா தியேட்டரில் ஓடவில்லை என்பதற்காக இதைக் கணக்கில் சேர்க்காமல் விடலாமா? வங்கதேசத்தில் பெண் கல்வியைப் பற்றி எடுக்கப்பட்டதிலேயே அதிகம் பேர் பார்த்த படம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

சேர்க்கத்தான் வேண்டும் சார். மீனாவை நானும் விரும்பிப் பார்த்தவன். அந்த மாம்பழக் கதையில், தம்பிக்கு ஏன் பெரிய துண்டு, தனக்கு ஏன் சின்னத் துண்டு என்று கேட்கிறாள் பாருங்கள், ஒருநாள் வேலைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று ராஜுவிடம் சொல்கிறாள் பாருங்கள், அந்த இடமெல்லாம் இன்றைக்கும் அப்படியே நிற்கும்.

ஆனால் மீனா, பள்ளிக்கூட வாசல்வரை பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கதை. உள்ளே போன பிறகு என்ன நடந்தது? கோழி எண்ணத் தெரிந்ததால், திருடனைப் பிடித்ததால், அவளுக்குப் பள்ளி கிடைக்கிறது. வீட்டுக்கு லாபம் என்று நிரூபித்துக் காட்டியதற்குக் கிடைத்த பரிசு அது. தீபு எதையாவது நிரூபித்தா பள்ளிக்குப் போனான்? அவன் சண்டை போடலாம், ஊர் சுற்றலாம், புதையல் தேடலாம். அவனுக்குப் பள்ளி சும்மாவே கிடைக்கிறது. அந்தச் சும்மாவைத்தான் நான் கேட்கிறேன்.

---

தென்றல்_டீச்சர் எழுதியது:

நான் அரசுப் பள்ளியில் பாடம் எடுப்பவள். கடைசிபெஞ்ச் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்கு ‘ரெஹானா மரியம் நூர்’ என்று பதில் சொல்கிறேன்.

அப்துல்லா முகம்மது சாத் இயக்கி 2021-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் ‘அன் செர்ட்டன் ரிகார்ட்’ பிரிவுக்குத் தேர்வான படம். அந்தப் பிரிவில் இடம்பெற்ற முதல் வங்கதேசப் படம். அஸ்மேரி ஹக் பாதோன் நடித்த ரெஹானா ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. ஒரு மாலை, சக பேராசிரியர் ஆரெஃபினின் அறையிலிருந்து ஆனி என்ற மாணவி கலங்கிப்போய் வெளியே வருவதைப் பார்த்துவிடுகிறாள். ஆனி புகார் கொடுக்க மறுக்கிறாள். படிப்பு போய்விடும் என்ற பயம். ரெஹானா விடவில்லை. கடைசியில் அது தனக்கே நடந்ததாகச் சொல்லும் இடம்வரை போகிறாள்.

இதோடு இன்னொரு சரடு. ரெஹானாவின் ஆறு வயது மகள் இமு பள்ளியில் ஒரு பையனைக் கடித்துவிடுகிறாள். அவன் முதலில் சீண்டினான் என்பதைக் கேட்கப் பள்ளிக்கு நேரமில்லை. குழந்தை மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளி நிகழ்ச்சியில் மேடையேற முடியாது. மன்னிப்புக் கேட்கவே கூடாது என்கிறாள் அம்மா.

ஒன்றாம் வகுப்புக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவே ஒரே கோடு போடுகிறது இந்தப் படம். ஆறு வயதில் ‘சாரி சொல்லு, விஷயம் முடிந்தது’ என்று பழக்கப்படுத்தப்படும் பெண்தான் இருபது வயதில் ‘வேண்டாம் மேடம், விட்டுவிடுங்கள்’ என்கிறாள். உதவித்தொகை கொடுத்துப் பெண்ணைப் பள்ளிக்குள் கொண்டுவந்தாகிவிட்டது, சரி. உள்ளே வந்தவளை அந்தக் கட்டடம் எப்படி நடத்துகிறது என்று கேட்ட முதல் பெரிய படமாக இதைப் பார்க்கிறேன். படம் முழுக்க கேமரா அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. நீலம் பாய்ந்த வெளிச்சம், நெருக்கமான நடைபாதைகள், தோளுக்குப் பின்னால் ஓடிவரும் கேமரா. மூச்சு முட்டும்.

இந்தப் படத்துக்கு முன்னால்தான், 2019-இல், ஃபேனி மாவட்டம் சோனாகாசியில் ஒரு மதரஸா மாணவி தலைமையாசிரியர் மேல் பாலியல் புகார் கொடுத்து, புகாரைத் திரும்பப் பெற மறுத்ததற்காக எரித்துக் கொல்லப்பட்டாள். 16 பேருக்கு மரண தண்டனை விதித்தது நீதிமன்றம். ஆனியின் பயத்தை மிகை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

---

வெள்ளித்திரை78 எழுதியது:

டீச்சர், படத்தின் பலத்தை மறுக்கவில்லை. ஆனால் முடிவு எனக்கு ஒட்டவில்லை. மேடையேறத் துடிக்கும் குழந்தையைப் போகவிடாமல் அம்மாவே அறைக்குள் தள்ளித் தள்ளிக் கதவைச் சாத்துகிறாளே? நியாயத்துக்காக நிற்பவள் தன் மகளின் பள்ளிக்கால சந்தோஷத்தைப் பறிக்கிறாள். பெண் கல்விக்கான படம் என்று இதை எப்படிச் சொல்வது?

---

தென்றல்_டீச்சர் எழுதியது:

அந்தக் காட்சியில் எனக்கும் வயிறு கலங்கியது சார். ஆனால் சாத் அதை ரெஹானாவின் வெற்றியாக எடுக்கவில்லையே. குழந்தை திமிறுகிறாள், அழுகிறாள், மறுபடி கதவுக்கு ஓடுகிறாள். அதைப் பார்க்கும்போது நம் மனம் குழந்தை பக்கம்தான் போகிறது. தன் மேல் அழுத்தப்பட்டதை அம்மா அப்படியே மகள் மேல் அழுத்துகிறாள். ரெஹானா வகுப்பிலும் அப்படித்தான். காப்பியடித்த மாணவியை ஈவிரக்கமில்லாமல் வெளியே அனுப்புபவள். படத்தில் அவளை யாரும் தெய்வமாக்கவில்லை.

ஒரு தகவலும் சொல்லிவிடுகிறேன். பாதோன் பல் மருத்துவம் படித்தவர். மகளின் பாதுகாப்பு உரிமைக்காக வழக்குப் போட்டு 2018-இல் டாக்கா நீதிமன்றத்தில் வென்றவர். அங்கே தாய்க்கு இந்த அளவு உரிமை கிடைப்பது அபூர்வம் என்பதால் அந்தத் தீர்ப்பு பெரிதாகப் பேசப்பட்டது. படத்தில் மகளின் கையைப் பிடித்திருக்கும் அந்த இறுக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துக்கொள்வேன்.

---

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரிலிருந்து போய் டாக்காவில் ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தவன் நான். அங்கே உத்தரா பகுதியில் தங்கியிருந்தேன். படங்களைவிட அங்கே தெருவில் பார்த்ததுதான் எனக்கு அதிகம்.

காலை ஏழு மணிக்கு அந்தப் பக்கம் நின்று பாருங்கள். ஒரு ரிக்‌ஷாவில் மூன்று மாணவிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளை சல்வார், கலர் கமீஸ், தோளிலிருந்து குறுக்காக இறங்கி இடுப்புப் பெல்ட்டில் செருகிய வெள்ளைத் துணி, இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. ஒருத்தி மடியில் புத்தகத்தை விரித்து வாய்விட்டு மனப்பாடம் செய்துகொண்டிருப்பாள், இன்னொருத்தி அவளுக்குக் கேள்வி கேட்பாள், மூன்றாமவள் சிங்காராவை (நம் சமோசா மாதிரி) கடித்துக்கொண்டிருப்பாள். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதும் அந்த ரிக்‌ஷா வரும், பாலிதீன் தாளால் மூன்று பேரையும் பைகளையும் போர்த்திக்கொண்டு. அதே நேரத்தில் எதிர்ப்பக்கம், அதே வயதுப் பெண்கள் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரிக்கு வரிசையாக நடந்து போவார்கள். வயதை எட்டு, பத்து கூட்டிச் சொல்லச் சொல்லித்தான் சிலரை அனுப்புவார்கள் என்று லைனில் பேசிக்கொள்வார்கள். ஒரே தெரு, இரண்டு வரிசை. அந்த நாட்டுப் பெண் கல்வியின் கதை முழுக்க அந்தத் தெருவில் இருக்கிறது.

அதனால்தான் எனக்கு ருபையத் ஹுசைனின் ‘மேட் இன் பங்களாதேஷ்’ நெருக்கமான படம். 2019-இல் டொராண்டோ விழாவில் முதலில் திரையிட்டார்கள். வங்கதேசத்தில் 2022 மார்ச்சில் ‘ஷிமு’ என்ற பெயரில் வந்தது. டாலியா அக்தர் என்ற தொழிலாளர் தலைவியின் வாழ்க்கையைத் தழுவியது. ஷிமு சின்ன வயதில் கல்யாணத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவள். ஃபேக்டரியில் தீப்பிடித்து உடன் வேலை பார்த்தவள் சாகிறாள். அதற்குப் பிறகு சங்கம் தொடங்க ஷிமு முனைகிறாள். தொழிலாளர்களில் 30 சதவீதம் பேர் கையெழுத்து வேண்டும். வீட்டில் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்கிறாள். வேலையில்லாத கணவன் பக்கத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறான்.

பள்ளிக்கூடமே வராத இந்தப் படத்தை நான் பெண் கல்விப் படம் என்றுதான் சொல்வேன். பாதியில் நின்றுபோன படிப்பை ஒருத்தி எங்கே, எதற்காக மறுபடி கையில் எடுக்கிறாள் என்று காட்டுகிறது. கடைசியில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் அந்த அதிகாரியின் மேசை முன் அவள் அசையாமல் நிற்பது, படித்ததை வைத்துக்கொண்டுதான்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

நூல்கண்டு அண்ணா, அந்த ரிக்‌ஷாவைத்தான் நான் திரையில் தேடிக்கொண்டிருக்கிறேன். அதில் போகிற மூன்று பேரின் ஒரு நாளை யாரும் எடுக்கவில்லை.

நீங்கள் சொன்னதும் ஒன்று தோன்றுகிறது. ஆஸ்மா பள்ளிக்குப் போகாதவள். மீனா வாசலில் நிற்பவள். ஷிமு பள்ளியை இழந்து வந்தவள். ஆனி, கல்லூரிக்குள் அடிபட்டவள். ஆறு வயது இமுவுக்கும் கூடப் பள்ளி என்றால் ஒரு தண்டனைதான். பெண்ணும் படிப்பும் ஒரே சட்டகத்துக்குள் வந்தால் அங்கே ஒரு பிரச்சினை இருந்தே ஆக வேண்டும். பையனுக்குச் சாகசம், பெண்ணுக்குச் சோதனை.

எஃப்.டி.சி. (அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) ஸ்டுடியோவில் எடுக்கும் வணிகப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே கல்லூரி என்பது கதாநாயகி வந்து இறங்கவும், நான்கு பேர் கிண்டல் செய்யவும், கதாநாயகன் வந்து அடிக்கவும் ஒரு வாசல். புத்தகம் அவள் கையில் அலங்காரம். என்ன படிக்கிறாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

---

பழையஇதழ் எழுதியது:

இந்த விவாதத்துக்குக் கொஞ்சம் வரலாறும் வேண்டும். ரங்பூர் பக்கம் பைராபந்தில் 1880-இல் பிறந்த பேகம் ரொக்கையா 1909-இல் பாகல்பூரில் பெண்களுக்கான பள்ளி தொடங்கினார். 1911-இல் அதை கொல்கத்தாவுக்கு மாற்றினார். வீடு வீடாகப் போய்ப் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பும்படி கேட்டவர். அவர் இறந்த டிசம்பர் 9 அங்கே ரொக்கையா தினம். அவருடைய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் முதலில் வெளியானது எங்கே தெரியுமா? நம் சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில். பெண்கள் பல்கலைக்கழகம் நடத்தி அறிவியலால் நாட்டைக் காப்பாற்றும் கற்பனை அது.

அந்தக் கதையை ஓவியமும் அனிமேஷனுமாக 2023-இல் முழுநீளப் படமாக எடுத்தவர் ஸ்பெயின் நாட்டு இசபெல் ஹெர்குவேரா. அந்தப் படத்தை நான் குறை சொல்லவில்லை. அழகாக எடுத்திருக்கிறார். ஆனால் ரொக்கையாவின் கதை டாக்காவிலிருந்து இந்த அளவில் வந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

---

தென்றல்_டீச்சர் எழுதியது:

கடைசிபெஞ்ச், இரண்டு படங்கள் உங்கள் பட்டியலை மாற்றும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, அதே மோர்ஷெதுல் இஸ்லாம் 2017-இல் எடுத்த ‘ஆங்கி ஓ தார் பொந்துரா’. இதுவும் ஜாஃபர் இக்பாலின் நாவல். பார்வையில்லாத சிறுமி ஆங்கி சாதாரணப் பள்ளியில் வந்து சேர்கிறாள். வகுப்புப் பிள்ளைகள் அவளோடு பழகக் கற்றுக்கொள்கிறார்கள், அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து சாகசம். நீங்கள் கேட்ட ‘சும்மா’ இதில் நிறைய இருக்கிறது. இருபது வருடம் கழித்து தீபுவின் இயக்குநர் பெண் குழந்தையின் பெயரைத் தலைப்பில் வைத்தார் என்பதே எனக்குச் சந்தோஷம்.

இன்னொன்று ஆவணப்படம். கமார் அகமத் சைமனின் ‘ஷுன்தே கி பாவ்’, 2012. ஐலா புயல் 2009-இல் குல்னா மாவட்டத்துக் கரையோர ஊர்களை உப்புத் தண்ணீரில் மூழ்கடித்தது. சுதர்காலி மக்கள் கரை மேல் குடிசை போட்டு வாழ்கிறார்கள். அதில் ராக்கி, அவள் கணவன் சௌமென், சின்ன மகன் ராகுல். ராக்கி குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். சுற்றிலும் தண்ணீர், நிவாரண அரிசிக்கு வரிசை, உடைந்த கரையைக் கட்ட ஊரே மண் சுமக்கிறது. அதற்கு நடுவே இவள் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறாள். பாரிஸ் ‘சினிமா து ரியேல்’ விழாவில் முதல் பரிசு, மும்பை விழாவில் தங்கச் சங்கு. படித்த பெண் கிராமத்தில் என்ன ஆகிறாள் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பெரிய வசனம் எதுவும் கிடையாது. கணவனோடு வாக்குவாதம் செய்கிறாள், சிரிக்கிறாள், மகனைத் திட்டுகிறாள், பாடம் எடுக்கிறாள்.

---

வெள்ளித்திரை78 எழுதியது:

ராக்கி விஷயத்தில் டீச்சரோடு முழுக்க உடன்படுகிறேன். நாட்டை நிஜமாக மாற்றியது இப்படிப்பட்ட பெண்கள்தான். பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1985-இல் 22 ஒற்றை அறைப் பள்ளிகளோடு தொடங்கியது. தகரக் கூரை, மூங்கில் தட்டி, முப்பது பிள்ளைகள், அதில் பெரும்பாலும் பெண்கள், அந்த ஊரிலேயே ஓரளவு படித்த ஒரு பெண் ஆசிரியை. பிறகு அது ஆயிரக்கணக்கான பள்ளிகளாகப் பெருகியது. அந்த ஆசிரியைகளில் ஒருத்தியை வைத்து ஒரு கதைப்படம் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

ஏன் வரவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது. இயக்குநர்கள் தங்கள் பால்யத்தை எடுத்தார்கள். மசூத் மதரஸாவில் படித்தவர், அதனால் ‘மாட்டிர் மொய்னா’ அவ்வளவு உண்மையாக வந்தது. ஜாஃபர் இக்பாலும் தன் பால்யத்திலிருந்து எழுதியவர். 1994-க்குப் பிறகு உதவித்தொகை வாங்கிப் படித்த கிராமத்துப் பெண் இன்னும் கேமராவுக்குப் பின்னால் வந்து சேரவில்லை. ருபையத் ஹுசைன் வந்தார். லீசா காஜி ‘பாரிர் நாம் ஷாஹானா’ எடுத்தார், 90-களில் விவாகரத்தான ஒரு பெண்ணின் கதை. ஆனால் கிராமப் பள்ளியில் இருந்து வந்த பெண்?

---

நூல்கண்டு எழுதியது:

சார் சொன்னது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. பெண் கல்வி என்றாலே அங்கே திட்டம், நிதி, விழிப்புணர்வு என்று ஆகிவிட்டது. குறும்படம் எடுக்க நிறுவனங்கள் பணம் தரும். ஆனால் கதை முடிவில் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றாக வேண்டும், கலெக்டர் மாதிரி ஒருவர் வந்தாக வேண்டும், எல்லோரும் கைதட்டியாக வேண்டும். நான் அங்கே இருந்தபோது டிவியில் இப்படி நிறைய ஓடும். எங்கள் ஃப்ளோரில் சூப்பர்வைசராக இருந்த ஒரு பெண், எட்டாம் வகுப்போடு நின்றவள், இந்த மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: ‘தாதா (அண்ணா), கல்யாணத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த மாதம் டியூஷன் ஃபீஸை யார் கட்டுவார்கள்?’

வகுப்பில் சேர்ந்தால் போதாது, கோச்சிங் போகாமல் அங்கே பாஸாவது கஷ்டம். கைடு புத்தகம், ஆளுக்கு ஆள் பிரைவேட் டியூஷன். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் கட்ட முடியும் என்றால் அது பையனுக்குப் போகும்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

அண்ணா, அந்தப் பெண் கேட்டது ஒரு முழுப் படம்.

என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகையின் மூன்றாவது நிபந்தனையை மறுபடி பாருங்கள்: கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. அரசாங்கம் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணிடம் ஒவ்வொரு தவணைக்கும் இதை உறுதி கேட்டது. பணம் அவள் பெயரில், பாஸ்புக் அப்பா கையில். ஒரு பக்கம் மாப்பிள்ளை பார்க்கும் மாமா, இன்னொரு பக்கம் வருகைப் பதிவேட்டில் 75 சதவீதத்தை எப்படியாவது சரிக்கட்டப் பார்க்கும் தலைமையாசிரியர், மாணவிகள் குறைந்தால் பள்ளிக்கு வரும் காசும் குறையும். இதில் கதை எழுத என்ன குறை?

20 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது என்று 2019 கணக்கெடுப்பு சொல்கிறது. 2017-இல் வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்திலும் ‘சிறப்புச் சூழ்நிலை’ என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். அதாவது பள்ளியில் சேர்வதில் பெண்கள் முன்னால், முடிப்பதற்குள் பாதிப் பேர் கல்யாணப் பந்தலில். ஒரு வகுப்பில் எட்டாம் வகுப்பில் நாற்பது பெண்கள், பத்தாம் வகுப்பு வரும்போது பெஞ்சில் யார் யார் இல்லை? அவள் எங்கே போனாள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் யோசிப்பாளா? காலி இடத்தில் பையை வைத்துக்கொள்வாளா? எனக்கு அந்தப் பக்கத்து இடத்துப் பெண்ணின் படம் வேண்டும். போனவளின் கண்ணீர்க் கதை நிறைய வந்துவிட்டது. தங்கியவளின் கதையைச் சொல்லுங்கள். அவள் படிக்கிறாள், பொறாமைப்படுகிறாள், பாட்டுப் போட்டிக்குப் பேர் கொடுக்கிறாள், கணக்கில் கோட்டை விடுகிறாள். ஜனவரி முதல் தேதி புதுப் புத்தகம் கொடுக்கும் நாளில் அதை முகர்ந்து பார்க்கிறாள். தேர்வு முடிவு வரும் நாளில் பத்திரிகைக்காரர்கள் எடுக்கும் அந்தப் படம் இருக்கிறதே, இரண்டு விரலை விரித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தும் மாணவிகள், வருடா வருடம் முதல் பக்கத்தில் வரும். அந்தப் புகைப்படத்துக்கு முந்தைய இரண்டு வருடம்தான் எனக்கு வேண்டிய படம்.

---

தென்றல்_டீச்சர் எழுதியது:

பக்கத்து இடத்துப் பெண் பையை வைத்துக்கொள்வாள் தம்பி. முதல் வாரம் வைக்கமாட்டாள், அப்புறம் வைத்துக்கொள்வாள். நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இந்தப் படங்களில் ஆசிரியைகள் யாருமே நன்றாக வரவில்லை. ரெஹானாவின் கல்லூரி முதல்வர் ஒரு பெண், அவரே விஷயத்தை அமுக்கப் பார்க்கிறார். இமுவின் பள்ளியும் அப்படித்தான். ராக்கி ஒருத்திதான் விதிவிலக்கு, அவள் நிஜ மனுஷி. கதைப்படத்தில் ஒரு நல்ல வங்கதேச ஆசிரியையைப் பார்த்தவர்கள் இருந்தால் பெயர் போடுங்கள், தேடிப் பார்க்கிறேன்.

---

பழையஇதழ் எழுதியது:

டீச்சர், நானும் தேடுகிறேன். அதுவரை புதிதாக இந்த இழைக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: ‘ரெஹானா’வில் தொடங்காதீர்கள். ‘மாட்டிர் மொய்னா’வை முதலில் பாருங்கள். 2002-இல் கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் விமர்சகர்கள் பரிசு வாங்கிவிட்டு ஊருக்கு வந்தால் தணிக்கையில் தடை, அப்புறம் விலக்கினார்கள். அடுத்து ‘ஷிமு’, அதற்குப் பிறகு ‘ரெஹானா’. மீனாவை நடுவில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

---

நூல்கண்டு எழுதியது:

‘ஷுன்தே கி பாவ்’ ஆங்கில சப்டைட்டிலோடு யாரிடமாவது இருக்கிறதா? டாக்காவில் இருக்கும் என் பழைய நண்பர்களிடமும் கேட்டுப் பார்க்கிறேன். அந்த சூப்பர்வைசர் பெண்ணிடமும் பேச வேண்டும். மகள் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு, சயின்ஸ் குரூப் எடுத்திருக்கிறாள் என்று போன ஈதுக்குச் சொன்னாள். டியூஷன் ஃபீஸை அவள்தான் கட்டுகிறாள்.